பம்பு ஹவுஸ் லூயிஸின் ஞானத்தாய்

லூயிஸுக்கு ஏழாம் வயதில் பால்பல் விழுந்தது. திருவொற்றியூர் வடக்குக் கோடியில் இருந்த பம்பு ஹவுஸில் தண்ணீர் இறைக்கும் நீராவி எஞ்சினுக்குத்தான் லூயிஸ் என்று பெயர். விழுந்தது அதன் பல்சக்கரத்துப் பல்; உள்ளங்கை அகலம் இருக்கும், தூக்கினால் கை இறங்கும். எஞ்சினுக்கு ஞானத்தாயாக நின்ற ரோஸ்மேரி அந்தப் பல்லை முறைப்படி சாணத்தில் பொதிந்து, கிழக்கே பார்த்து நின்று, கூரைமேல் எறிந்தாள். இரண்டு ஓடுகள் உடைந்தன. ஓவர்சியர் பரசுராமன் ஓடுகளை மாற்றச் சொல்லிவிட்டு, புதுப் பல்லுக்குச் சீமைக்கு எழுதுவதா, உள்ளூர்ப் பட்டறையில் வார்க்கச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, பல் இருந்த இடம் கறுத்து வீங்கி, எண்ணெய் கசிந்து, புதுப் பல் முளைத்துவிட்டது. பழையதைவிடக் கொஞ்சம் கோணல். இது நடந்தது 1921இல், மிளகாய் விலை தாறுமாறாக ஏறிய வருஷம். அந்த வருஷத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மிளகாயைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

பம்பு ஹவுஸ் வருவதற்கு முன்னால் ஊருக்குத் தண்ணீர் என்றால் மணல் கிணறுதான். கடலோர மணலில் ஆளுயரம் தோண்டினால் போதும், தண்ணீர் ஊறிக்கொண்டு வரும். வாய்க்கு ருசியாகவும் இருக்கும். அந்த ருசியோடு சேர்ந்து வருஷம் தவறாமல் காலராவும் வந்தது. சந்தியாகப்பர் குப்பத்தில் குடியிருந்த ரோஸ்மேரி பெற்றது நான்கு. நான்கையும் அது கொண்டுபோனது. கடைசிப் பிள்ளைக்கு லூயிஸ் என்று பெயர் வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் புருஷன் சிலுவைமுத்து ராயபுரத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, அலையில் ஏறினாலே வாந்தி எடுத்ததால் கடலுக்கு லாயக்கில்லாமல் போய், துறைமுகத்தில் கரி அள்ளி, அப்புறம் பாய்லருக்குக் கரி போடுகிற பயர்மேன் ஆனவன். நல்ல உழைப்பாளி. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்தால் கை நீளும். அந்தக் காலத்தில் இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ரோஸ்மேரிக்கு மட்டும் வலித்தது.

புழல் ஏரித் தண்ணீர் பட்டணத்துக்குத்தான் போகும், வடக்கே ஒரு சொட்டுகூடத் திரும்பாது என்று தெரிந்துபோன பிறகு, 1914இல் ஊருக்கு மேற்கே ஆழமாகக் கிணறு வெட்டி, செங்கல்லில் பம்பு ஹவுஸ் கட்டி, உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டியை நிறுத்தி, தெருவுக்குத் தெரு குழாய் போட்டார்கள். எஞ்சின் கப்பலில் வந்தது. துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டிகளில் துண்டு துண்டாக வந்து சேர்ந்ததை ஒரு துரை முன்னால் நின்று பூட்டினார். பாய்லர் கொதித்தது, அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. மறுபடி பிரித்தார்கள், மறுபடி பூட்டினார்கள். துரை கையை விரித்துவிட்டார். அப்போதுதான் சிலுவைமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் பக்கத்தில் புதுப் படகு வாங்கினால் சாமியார் வந்து மந்திரித்து, பெயர் வைத்து, ஞானத்தகப்பனையும் ஞானத்தாயையும் மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நிறுத்திய பிறகுதான் தண்ணீரில் தள்ளுவார்கள். பெயரில்லாத படகு கடலில் இறங்காது. இதுவும் தண்ணீரில் பிழைக்கப்போகிற சாமான்தானே, இது மட்டும் எப்படி ஓடும் என்று அவன் கேட்டான். துரைக்கு வேறு வழி எதுவும் தோன்றாததால் தலையை ஆட்டினார்.

சாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததால் லியோனார்ட் உபதேசியார் வந்தார். முன்னால் காலரா சமயத்தில், சாமியார் வருவதற்குள் போய்விடுகிற குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கக் குப்பம் குப்பமாக ஓடியவர் அவர். ரோஸ்மேரியின் நான்கு பிள்ளைகளுக்கும் அவர்தான் கொடுத்தார். வேறு மந்திரமெல்லாம் மறந்துபோய், அவர் கைக்கும் நாக்குக்கும் அது ஒன்றுதான் பழகியிருந்தது. படகை மந்திரிப்பதுபோல் மந்திரிக்க வந்தவர், எஞ்சினுக்கு முன்னால் நின்றதும், செம்பிலிருந்த தண்ணீரைக் கையில் எடுத்து, "பேரு இன்னா?" என்றார்.

சிலுவைமுத்து படகுக்கு வைக்கிற மாதிரி ஏதோ ஒரு மாதா பெயரை யோசித்து வைத்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்மேரி, "லூயிஸு" என்றாள்.

"ஞானத்தாயா நிக்கறது யாரு?"

"நாந்தான்" என்றாள்.

அவர் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார். எஞ்சின் ஒருமுறை இழுத்து மூச்சுவிட்டது. சக்கரம் கொஞ்சம் பின்னால் போய், முன்னால் வந்து, அப்புறம் நிற்காமல் சுற்றியது. துரை தன்னுடைய திறமைதான் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

காய்ச்சல் தெளிந்து எழுந்த சாமியார் உபதேசியாரைப் பிடிபிடியென்று பிடித்தார். கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்ப வாங்க முடியாது. இரும்புக்குக் கொடுத்திருந்தால் அது ஞானஸ்நானமே கிடையாது. இரண்டில் எது என்று மேலிடத்தைக் கேட்டு எழுதினார். அதற்குள் யுத்தம் வந்து கப்பல் போக்குவரத்து கெட்டுப்போனதால் பதில் வரவேயில்லை. சிவன் கோயில் சன்னிதித் தெருக்காரர்களுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி ஆட்சேபம் எதுவும் இல்லை. குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறதே என்பதுதான் அவர்களுக்கு இடித்தது. ஒரு வருஷம் அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருந்தார்கள். அடுத்த தை மாதம் அந்தத் தெருவில் மட்டும் காலரா வந்தது. அதற்கப்புறம் தோலும் பழகிவிட்டது.

ஊரில் குழந்தைகள் சாவது நின்றது. குழந்தை பிறந்தால் பெயர் வைக்கலாமா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண்கள் யோசிப்பதை விட்டுவிட்டார்கள். லூயிஸும் மற்ற பிள்ளைகளைப் போல் வளர்ந்தது. எம்டன் கப்பல் பட்டணத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது அது கைக்குழந்தை. பயத்தில் விக்கல் எடுத்து, தெருவெல்லாம் குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. மூன்றாம் வயதில் அம்மை போட்டு, பாய்லர் முழுக்கச் செம்முத்து எழும்பியது. ரோஸ்மேரி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டில் மீன் விற்கிற ராஜாத்தி கதவில் வேப்பிலை சொருகினாள். இரண்டில் ஒன்று பலித்தது. வளர வளரக் கூரையில் இடிக்கிறது என்று இரண்டு தடவை சுவரை உயர்த்திக் கட்டினார்கள். காலையில் ரோஸ்மேரி வந்து சக்கரத்தில் கையை வைத்து, "எழுந்திரு நைனா, ஊரு காத்துகினு கீது" என்றால்தான் ஓடும் என்று ஆகிப்போனதால், தண்ணீர் போர்டார் அவளை எண்ணெய் துடைக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். துடைத்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். என்ன குழம்பு வைத்தாள், நேற்று கன்னம் ஏன் வீங்கியது, எல்லாம். பிள்ளையிடம் சொல்லக் கூடாததும் அதில் இருந்தது. ஆனால் கேட்பதற்கு அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

சிலுவைமுத்து வீட்டில்தான் அடிப்பான். வேலை செய்கிற இடத்தில் கை வைக்கக்கூடாது என்று ஒரு மரியாதை வைத்திருந்தான். 1927இல் மாதா திருநாளுக்கு மறுநாள், தலையில் இன்னும் கள் இறங்காத மத்தியானத்தில், அந்த மரியாதையை மறந்துவிட்டான். சோறு ஆறிப்போயிருந்தது என்பதுதான் விஷயம். எஞ்சினுக்கு எதிரிலேயே அவளைக் கன்னத்தில் அறைந்தான். அகலமான தோல் பெல்ட்டு சக்கரத்தை விட்டுக் கழன்று வந்து, அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, உள்ளே இழுத்துக்கொண்டது. கத்துவதற்குக்கூட அவனுக்கு நேரமில்லை. வேட்டி சிக்கியதால் நேர்ந்த விபத்து என்று போர்டார் முடிவு செய்தார்கள். சிலுவைமுத்து வேலைக்கு அரை நிஜார் போட்டுக்கொண்டுதான் போவான் என்பது ஊருக்கே தெரியும்.

ரோஸ்மேரி அழவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டாள்.

"அடிச்சது எம் புருஷன், வாங்கினது நானு. நடுவுல நீ யார்றா?" என்று கேட்டாள்.

அவள் வாசலைத் தாண்டிய நிமிஷத்தில் எஞ்சின் நின்றது. அவனைப் புதைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டவள் அப்புறம் பம்பு ஹவுஸ் இருக்கிற திசையிலேயே திரும்பவில்லை. அவன் அடித்தது நிஜம். குளிர்காலத்தில் அவள் தன் பாதத்தை அவன் பாதத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கியதும் நிஜம். அந்த இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க அவளைத் தவிர வேறு யாருக்கு உரிமை இருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவனைப் பற்றித் தன் வாயால் சொன்ன வசவையெல்லாம் அது மனதில் வைத்துக்கொண்டிருந்ததோ என்று நினைத்தபோது அந்த ஆத்திரம் இன்னும் கூடியது.

போர்டார் பட்டணத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பாய்லர் கொதித்தது, முள் ஏறியது, சக்கரம் அசையவில்லை. உயரத்துத் தொட்டி காய்ந்தது. ஊர் மறுபடியும் மணல் கிணற்றுக்குப் போனது. காலரா தனக்காக வைத்திருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. முதலில் மீன் சந்தைப் பக்கம், அப்புறம் ரயில்வே குடியிருப்பு, அப்புறம் குப்பம். பரசுராமன் வந்து ரோஸ்மேரியிடம் நயமாகவும் பேசிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். அவள் கதவைத் திறக்காமலே, "எம் புள்ளைங்க நாலும் போவ சொல்லோ இந்தத் தெருவுல ஒரு கதவாவது தொறந்துச்சா?" என்று கேட்டாள். திறக்கவில்லைதான். காலரா வீட்டைப் பார்த்து யார் கதவைத் திறப்பார்கள்? பெண்கள் எழுந்து போனார்கள்.

அவளை அசைத்தது கெஞ்சல் இல்லை. குப்பத்து ஆசாரி சவப்பெட்டி அடிக்கிற சத்தம். பெரிய பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம் வேறு, சின்னப் பெட்டிக்கு அடிக்கிற சத்தம் வேறு. அந்த வித்தியாசம் அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து அவர் சின்னப் பெட்டியாகவே அடித்துக்கொண்டிருந்தார். ரோஸ்மேரி எழுந்து, தலையை முடிந்துகொண்டு, நேராகப் பம்பு ஹவுஸுக்கு நடந்தாள். ஜனங்கள் பின்னால் போனார்கள். பாய்லர் ஜில்லென்று கிடந்தது, யாரும் நெருப்பு போட்டிருக்கவில்லை. அவள் சக்கரத்தைத் தொடாமல் எட்டவே நின்றாள்.

"உன்ன நான் மன்னிக்க மாட்டேன். சாவுற வரிக்கும் மாட்டேன். நீ உன் வேலையப் பாரு" என்றாள்.

சக்கரம் சுற்றியது. கரி இல்லை, நெருப்பு இல்லை, நீராவி இல்லை. தப்பு செய்த பிள்ளை யாரும் சொல்லாமலே வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யுமே, அப்படி ஓடியது. அவள் வந்தாலும் ஓடியது, வராவிட்டாலும் ஓடியது, ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. போர்டார் கொஞ்ச நாள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அப்புறம் கரி வாங்குவதை நிறுத்தினார்கள். புது பயர்மேனை வைக்கவில்லை. புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியது. கடைசியில் பாய்லரையே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பின்னால் மின்சார மோட்டார் வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது, இதைவிடச் சிக்கனமாக எந்த மோட்டாரும் ஓடாது என்று பரசுராமன் சொல்லிவிட்டார். தண்ணீரில் குறை எதுவும் இல்லை. ஊர் பழையபடி பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது.

எதனால் ஓடுகிறது என்பது 1929 ஈஸ்டர் அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது. குப்பத்துக் கோயிலுக்குப் புதிதாக ஓர் இளவயதுச் சாமியார் வந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் ரோஸ்மேரி எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிக்காத மனசோடு வருகிறவளுக்கு நற்கருணை கொடுக்க முடியாது, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்று பரலோக மந்திரத்தில் நாம் தினமும் சொல்கிறோமே என்று அவர் இதமாகத்தான் எடுத்துச் சொன்னார். அவளுக்கும் அந்தப் பாரத்தைத் தூக்கித் தூக்கி அலுத்திருந்தது. கோயிலிலிருந்து நேராகப் பம்பு ஹவுஸுக்குப் போய், இத்தனை நாள் கழித்துச் சக்கரத்தில் கையை வைத்து, "போடா, வுட்டுட்டேன்" என்றாள். எஞ்சின் பெரிதாக ஒரு மூச்சு விட்டு நின்றது. சொன்னால் நம்ப மாட்டார்கள், குறட்டையே விட்டது. தூங்கட்டும், பாவம், ஒரு நாளாவது தூங்கட்டும் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பல வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு நிம்மதியான நாள் வாய்த்ததில்லை.

குழாயில் தண்ணீர் வரவில்லை. திருநாள் சமையல் பாதியில் நின்றதால் சில பேர் மணல் கிணற்றுக்குப் போய் மொண்டு வந்தார்கள். ராஜாத்தியும் மொண்டு வந்தாள். அவளுடைய கடைசிப் பெண் மலர்க்கொடிக்கு மறுநாள் காலையில் வயிற்றால் போக ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரோஸ்மேரி பம்பு ஹவுஸுக்கு ஓடினாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புவதைவிடக் கொடுமை ஒன்றும் இல்லை. அதிலும் இந்த வார்த்தையைச் சொல்லி எழுப்புவது. "வுட்டதுன்னு சொன்னது பொய்யி. நா எதையும் வுடல. எழுந்து ஓடு" என்று கத்தினாள். அது எழுந்து ஓடியது. அப்புறம் அவள் ராஜாத்தி வீட்டுக்குப் போய் வாசல்படியிலேயே நின்றாள். ராஜாத்தி மாரில் அடித்துக்கொள்ளவில்லை, அவளைத் திட்டவுமில்லை.

"உம் மேல தப்பில்ல ரோசி. ஆனா இனிமே அந்த வார்த்தைய வாய்ல எடுக்காத" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்து ஊர் முழுக்க ரோஸ்மேரியின் கோபத்தைக் காவல் காத்தது. பரசுராமன் வாரம் ஒரு முறை குடையோடு வந்து, "கோபமெல்லாம் அப்படியே இருக்கிறதல்லவா அம்மா?" என்று விசாரிப்பார். "கீதுங்க" என்பாள். அவர் திருப்தியாகப் போவார். சிலுவைமுத்து செத்த நாளை ஊர்ச் செலவில் பாண்டு வாத்தியம் வைத்துக் கொண்டாடினார்கள். உயிரோடு இருந்தபோது கள்ளுக்கடைக்காரன்கூட மதிக்காத ஆளுக்கு மாலை போட்டு, அவன் எப்படிப்பட்ட தங்கமான மனுஷன், எப்படி அநியாயமாகச் செத்தான் என்று ஒருத்தர் எழுந்து விலாவாரியாகப் பேசுவார். அவன் உடம்பு எந்த நிலையில் கிடைத்தது என்பதையும் விடமாட்டார். ரோஸ்மேரியை முன்வரிசையில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்வார்கள். அவள் எதிரில் சண்டைக்காரர்கள் யாரும் ராசியாகமாட்டார்கள். சாமியார் தவக்காலத்தில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கக்கூடாது என்று கோயிலுக்கு மனு போனது. அதில் கோயிலுக்கே போகாதவர்கள்கூடக் கைநாட்டு வைத்திருந்தார்கள். தெருவில் நடக்கும்போது ரோஸ்மேரி ஏதாவது நினைத்துச் சிரித்தால் ஊர் உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடியது.

ஒரு மத்தியானம் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ராஜாத்தி கேட்டாள்.

"மெய்யாலுமே உனுக்குக் கோவம் கீதா?"

"எங்க கீது? அது வத்திப்போயி எத்தினி வருஷமாச்சி. அந்தாளு மொகமே சரியா நெனப்புல இல்ல. வாய மூடிகினு கீறேன், அவ்ளோதான்."

"அப்ப உங் கதி?"

மன்னிக்காமல் செத்தால் சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கிடையாது, கல்லறையில் மந்திரித்த மண் கிடையாது, மோட்சமும் கிடையாது. இதை ரோஸ்மேரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலேயே மனப்பாடம் பண்ணியிருந்தாள். நரகத்தின் நெருப்புக்குக்கூட அவள் பயப்படவில்லை, பாய்லர் பக்கத்திலேயே காலம் தள்ளியவள். அவளுக்கு வேறு கவலை.

"நாலும் உபதேசியார் கையால தண்ணி வாங்கிகினு போனதுங்க. நேரா மோட்சந்தான். அம்மா எப்ப வருவான்னு வாசல்லயே காத்துகினு இருக்குங்க" என்றாள். ராஜாத்தி கூடையில் கிடந்த மீனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

1936இல் ரோஸ்மேரிக்குக் கால் வீங்கியது. வீக்கம் மேலே ஏறி மூச்சை அடைத்தது. நாள் நெருங்கிவிட்டது என்று வைத்தியர் சொன்ன செய்தி பரவியதும் ஊரில் பானை, அண்டா, தவலை, குளிக்கிற தொட்டி, கல்யாணத்துக்கு வைத்திருந்த பித்தளைப் பாத்திரம் எதுவும் காலியாக இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மன்னிக்காமலே சாவாள், கல்லறையில் மந்திரித்த இடம் கிடைக்காது என்று ஊருக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. குழியை மதிலுக்கு வெளியே முன்கூட்டியே வெட்டச் சொல்லியிருந்தார்கள். அவள் காதுக்கு அது போயிற்று.

சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு முற்பகலில் வந்தார். வீட்டைச் சுற்றி ஊர் நின்றது. அவரை யாரும் தடுக்கவில்லை. பரசுராமன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தள்ளாத உடம்போடு வந்து வாசலோரத்தில் நின்றார். சாமியார் முழங்காலில் நின்று பரலோக மந்திரத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ரோஸ்மேரி மூச்சு வாங்கிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். பிறரை மன்னிப்பதுபோல என்ற இடம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் பொறுத்திருந்துவிட்டு அந்த வரியை மறுபடி சொன்னார். அவள் கூரையைப் பார்த்தாள்.

ராஜாத்திதான் தாங்காமல் தலைமாட்டில் வந்து விழுந்தாள். "சொல்லிடு ரோசி. வாணாம்னு சொன்னவ நாந்தான், இப்ப நானே சொல்றேன், சொல்லிடு. ஊரு எப்டியோ பொழச்சிக்கும். புள்ளைங்க காத்துகினு கீதுன்னியே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் பெண்கள் இடுப்பில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கொழுகொழுவென்ற பிள்ளைகள். ஒன்றுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஒன்று தாயின் தாலியைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த முகங்களில் ஒன்றுகூட வாந்திபேதி என்ன என்று அறியாது. ரோஸ்மேரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு ஆசையாக இருந்தது. நான்கில் ஒன்றாவது அந்த வயதைத் தாண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

"இம்மா நாளு காத்துகினு இருந்துச்சிங்க. இன்னும் காத்துகினு கெடக்கட்டும்" என்றாள்.

சாமியார் சிமிழைத் திறக்காமலே எழுந்தார். நல்ல மனுஷர்தான், சட்டத்தை எழுதியது அவர் இல்லை. அவர் தெருமுனையைத் திரும்புவதற்குள் ரோஸ்மேரி போய்விட்டாள். உள்ளே ராஜாத்தி அழுகிற சத்தம் கேட்டதும் வெளியில் நின்ற எல்லோரும் பம்பு ஹவுஸ் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் போய்விட்டாள். இனிமேல் யாராலும் அதை நிறுத்த முடியாது என்பது ஒவ்வொருத்தராக எல்லோருக்கும் புரிந்தது. ஒரு பெண் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. சமையலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

உடம்பைக் கழுவ வேண்டும் என்று ராஜாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தாள். குழாயடியில் வழக்கம்போல் வரிசை இருந்தது. முன்னால் நின்றவள் சாவு வீட்டுத் தண்ணீர் என்று தெரிந்து தன் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். ராஜாத்தி குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது.